கடையத்தில் கசந்த பீர்க்கங்காய்

குற்றாலத்துக்கு என்றே ஜூலையில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஆஸ்திரேலியாவில் லூப்பின் என்ற பயறை ஆராயும் இடத்தில் எனக்கு வேலை. அந்தச் செடியில் கசப்பை உண்டாக்குவது எந்த மரபணு என்று தேடுவதுதான் என் பிழைப்பு. இந்த முறை அருவியில் நின்றால் போதும் என்றிருந்தேன்.

செவ்வாய் காலை 8.10-க்குத் தென்காசியில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து மெயினருவி சுமார் ஆறு கி.மீ., ஆட்டோவுக்கு 200 ரூபாய். (பேரம் பேசினால் குறையும், எனக்கு வராது.) ஓட்டியவர் சுடலைமுத்து. என் வேலையைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

கடையத்தில் அவர் மனைவி இசக்கியம்மாள் போட்ட பீர்க்கு கசந்துவிட்டதாம். விதை கொடுத்தது இசக்கியம்மாளின் அண்ணன் மனைவி புஷ்பம். வேண்டுமென்றே கெட்ட விதையைத் தந்தாள் என்று இருபது நாளாக அந்த வீட்டோடு பேச்சில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

“நீங்க ஒரு எட்டு வந்து சொன்னா அவ கேப்பா மேடம்,” என்றார்.

போக வர 700 ரூபாய் பேசி, முக்கால் மணி நேரத்தில் கடையம் போய்ச் சேர்ந்தோம். மொத்தம் பதினெட்டுக் கொடிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு காயின் நுனியைக் கிள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினேன். கசந்த கொடியில் இரண்டுமே கசந்தன. பக்கத்துக் கொடியில் இரண்டுமே நன்றாக இருந்தன. மண்ணோ தண்ணீரோ காரணமென்றால் இப்படி இருக்காது. கோளாறு விதையில்தான் என்றேன்.

“நாந்தான் சொன்னம்லா,” என்று இசக்கியம்மாள் கணவரைப் பார்த்தார். வந்த காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்றிருந்தது.

புஷ்பத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. இசக்கியம்மாள் கூட வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. விதை எடுத்த கொடியின் காயைத்தான் தாங்களும் தின்றதாகவும், ஒன்றுகூடக் கசக்கவில்லை என்றும் புஷ்பம் சொன்னார். “நான் எதுக்கு அவளுக்குக் கெடுதல் நெனைக்கப் போறேன்?”

கொல்லை வேலியில் பேய்ப்பீர்க்கு, அதாவது கசக்கும் காட்டுப் பீர்க்கு, படர்ந்திருந்தது. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வாசலில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: காயின் சதை தாய்க்கொடியுடையது, அதனால் இவர்கள் தின்றபோது கசக்கவில்லை. பேய்ப்பீர்க்கின் மகரந்தம் போனது சில விதைகளுக்குள். கசப்பு மரபணு ஒரு பக்கமிருந்து வந்தாலே போதும், அந்த விதையில் முளைக்கும் கொடி கசந்துவிடும். லூப்பினிலும் இதே கதைதான். பூவுக்குப் பூ வண்டு போனதற்கு உங்கள் மதினி என்ன செய்வார்?

இசக்கியம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, நேராக வேலிக்குப் போய் அந்தக் கொடியை இழுத்தார். அது முள்ளில் சிக்கிக்கொண்டது. புஷ்பம் அரிவாளை எடுத்துப் போய் தூரோடு வெட்டிவிட்டார்.

“அடுத்த தரம் விதைக்கு விடுத பூவைத் துணி வச்சுக் கட்டிருவோம் மதினி,” என்றார் இசக்கியம்மாள்.

“காதுகுத்து முடியட்டும், கட்டுவோம்,” என்றார் புஷ்பம்.

மெயினருவிக்குப் போனபோது மணி இரண்டு. வார நாள் என்பதால் கூட்டம் குறைவு, ஆசைதீரக் குளித்தேன். நீங்களும் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் விதை எடுப்பவர்கள் ஆண்பூ, பெண்பூ இரண்டையும் மலர்வதற்கு முன்பே துணியால் மூடிவைத்து, கையால் மகரந்தம் தொட்டுவைத்து, மறுபடி மூடுங்கள். பீர்க்கோ சுரையோ, நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள், சமைக்க வேண்டாம், உடம்புக்குக் கெடுதல்.

கசப்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் வாசல் தாண்டி உள்ளே வந்தது அன்றுதான்.