சம்பந்திகளின் எல்லைத் தகராறு

என் முதல் பிரசவத்துக்கு ஸ்ரீவைகுண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போவேனா, இல்லை டவுணில் மாமியார் வீட்டிலேயே கிடப்பேனா என்பதை எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் சேர்ந்து முடிவு செய்யும் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தொண்ணூற்றெட்டில் அதுதான் நடந்தது.

என் அப்பாவும் மாமனாரும் எழுபதுகளில் அந்தப் பக்கம் வாத்தியார் வேலைக்குப் போனவர்கள். அப்போது அது ஒரே நாடு. அப்பா தெற்கே ஒரு மலையூரில் கணக்கு நடத்தினார், மாமனார் வடக்கே அஸ்மாராவில் விஞ்ஞானம். அங்கே ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜா ஒன்றைப் பார்த்ததும் மாமனார் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அந்த ஊரில் காபி காய்ச்சும் கூஜா அது. அப்பா உடனே பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, அவர்கள் வழக்கப்படி மூன்று சுற்று ஊற்றினார். முதல் இரண்டு சுற்றுக்கும் தெற்கே ஒரு பெயர், வடக்கே ஒரு பெயர். மூன்றாவதற்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பெயர்: பரக்கா. ஆசீர்வாதம் என்று அர்த்தம். அதைக் குடிக்காமல் எழுந்திருப்பது வீட்டுக்காரரை அவமதிப்பது. மூன்றாவது சுற்று முடிந்தபோது என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வடக்கு எரித்திரியாவாகவும் தெற்கு எத்தியோப்பியாவாகவும் நாடு இரண்டாகி அப்போதே சில வருஷமாகியிருந்தது. "அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனா என்ன, நல்லா இருந்தாச் சரி" என்று இருவரும் அன்று பெரிய மனசாகப் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பழைய மாணவன் வேறு இருந்தான். வருஷம் தவறாமல் கடிதம் போடுவான். அப்பாவின் மாணவன் தெற்கே, மாமனாரின் மாணவன் வடக்கே.

எல்லையில் சண்டை மூண்ட செய்தி ரேடியோவில் வந்த வாரம் அப்பா டவுணுக்கு விருந்துக்கு வந்திருந்தார். எனக்கு அப்போது இரண்டு மாதம். ரசத்துக்கு வரும்வரை ஒன்றுமில்லை.

"இது உங்க ஆளுக ஆரம்பிச்ச வேலை சம்பந்தி" என்றார் மாமனார்.

"எங்க ஆளுகளா? டாங்கியோட வந்தது யாரு?" என்றார் அப்பா.

அட்லஸ் வந்தது. அப்பா ரசம் சொட்டும் விரலால் எல்லைக்கோடு போட்டார். மாமனார் வேறு இடத்தில் போட்டார். சண்டைக்குக் காரணமான ஊர் அந்தப் படத்திலேயே இல்லை. ஆனாலும் எங்கள் கீழரத வீதியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் என்பதுபோல இருவரும் சத்தியம் செய்தார்கள். கடைசியில் அப்பா மோர்ச்சோறு சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் போர்ப்பிரகடனம் கிடையாது.

"ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுத்தது ஒரே ராசாதானே, இவுகளுக்கு என்ன வந்துட்டு?" என்று அத்தை, என் மாமியார், தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாம் மாதம் நெருங்கியது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். பெண்ணின் அப்பா கேட்க வேண்டும், மாமனார் "கூட்டிட்டுப் போங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். பேச்சே இல்லாதவர்கள் எதைக் கேட்பது, எதைச் சொல்வது?

சமாதானத்துக்கு எதிர்வீட்டு பாய் புறப்பட்டார். காயல்பட்டினத்துக்காரர், டவுணில் ஜவுளிக்கடை. வளைகுடாவில் நெடுங்காலம் இருந்ததால் உலக விவகாரம் அவருக்கு அத்துப்படி என்று தெருவில் பேச்சு. வெளிநாட்டுத் தூதர்கள் அங்கே என்ன யோசனை சொல்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டு, அதையே இங்கேயும் சொன்னார்.

"சண்டைக்கு முந்தின நாளு எங்கன நின்னீங்களோ, ரெண்டு பேரும் அங்கனயே போய் நில்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கொள்கையளவில் இருவருக்கும் சம்மதம். ஆனால் அவர் கூப்பிட்டால் வருவேன் என்றார் அப்பா. அவர் வந்தால் கூப்பிடுவேன் என்றார் மாமனார். பாய் மூன்று தடவை ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினார். இங்கிருந்து போகும்போது அல்வாவும் எரித்திரியாவின் நியாயமும் கொண்டுபோவார். அங்கிருந்து வரும்போது வாழைத்தாரும் எத்தியோப்பியாவின் நியாயமும் கொண்டுவருவார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் வீட்டுக்காரரோ தன் அப்பாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு பேப்பரைப் பிரித்துக்கொள்வார். எனக்கு அம்மா வேண்டும்போல் இருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

முடிவில் அம்மாவும் அத்தையும் யாரையும் கேட்காமல் ஒரு வெள்ளிக்கிழமை நாள் குறித்துவிட்டார்கள். அப்பா வந்தார், கூடத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். மறுகோடியில் மாமனார். நடுவில் பாய். வளையல் அடுக்கியாயிற்று, வாசலில் கார் நின்றது. பத்தரைக்கு ராகுகாலம். மணி ஒன்பதே முக்கால். அப்பா கேட்கவில்லை, மாமனார் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து அடுக்களைக்குப் போனேன். மாமனாரிடமும் அதேபோல் ஒரு கூஜா உண்டு. கொட்டையை வறுத்தேன். வாசனை கூடத்துக்குப் போனதும் இரண்டு தலையும் திரும்பின. ஒரே ஜமுக்காளத்தில் இருவரையும் உட்காரச் சொல்லி முதல் சுற்று ஊற்றினேன். பேசாமல் குடித்தார்கள். இரண்டாவதும் பேசாமல். மூன்றாவதை ஊற்றாமல் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஊத்தும்மா" என்றார் அப்பா.

"மாட்டேன்."

இருவராலும் எழுந்திருக்க முடியவில்லை. மணி பத்தாயிற்று. பாய் தொண்டையைச் செருமினார்.

"பாய், நீங்க செத்தப் பேசாம இருங்க" என்றேன். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேசாமல் இருந்தார்.

பத்து இருபதுக்கு மாமனார் வெறும் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்: "உங்க பள்ளிக்கூடத்துப் பையன் கடுதாசி போட்டானா?"

அப்பா தலையை ஆட்டினார். "இல்ல சம்பந்தி. பட்டாளத்துல சேர்த்திருப்பாங்கன்னு நினைக்கேன். உங்க பையன்?"

"அவனும் போடல. அவனையும் சேர்த்திருப்பான்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டும் எதிர்எதிரா நிக்குதோ என்னவோ" என்றார்.

நான் ஊற்றினேன். குடித்து முடித்ததும் மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, பைய ஓட்டச் சொல்லுங்க" என்றார். என் பெட்டியை அவரே காரில் வைத்தார். பரக்கத்தான காபி என்று பாய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சமாதானம் செய்த பேரும் அவருக்கே போனது.

மகள் பிறந்து முப்பதாம் நாள் மாமனார் பார்க்க வந்தார். அதற்கு முந்தின வாரம் தொட்டில் துணி தேடி அப்பாவின் பெட்டியைத் திறந்தபோது, வேட்டிக்கு அடியில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்றைப் பார்த்திருந்தேன். அப்பாவின் மாணவன் உயிரோடு இருந்தான். அதை எதற்கு ஒளித்து வைத்திருக்கிறார் என்று அப்போது புரியவில்லை.

மாமனார் குழந்தையை மடியில் வாங்கியதும் முதலில் கேட்டது அதைத்தான்: "உங்க பையன்கிட்டயிருந்து ஏதாவது வந்துச்சா? எனக்கு இன்னும் வரல."

"இங்கயும் வரல சம்பந்தி" என்றார் அப்பா, கூஜாவைக் கழுவிக்கொண்டே.