தனி மூடி எஞ்சினும் முனியம்மாள் கையும்

ஸ்கெலட்டன் லைன் என்கிற எங்கள் குடியிருப்பு வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டுவது என் வேலை. பழைய எஞ்சினில் சிலிண்டரும் அதன் மேலே மூடும் தலையும் ஒரே வார்ப்பு. உள்ளே படியும் கரியைச் சுரண்ட சிலிண்டரையே கழற்றித் தூக்கவேண்டும். சென்ற மாதம் வந்த புது எஞ்சினில் தலை தனி மூடியாக, நட்டுகளால் முடுக்கப்பட்டிருந்தது.

அதைத் திறந்து சுரண்டுவது சுலபமாக இருந்தது. திரும்ப மாட்டும்போதுதான் தவறினேன். ஒரு பக்க நட்டுகளை முழுப் பலத்தோடு முடுக்கிவிட்டு, மறுபக்கத்தைப் பிறகு முடுக்கினேன். எஞ்சின் ஓடியதும், சமமாக உட்காராத மூடியின் ஓரத்தில் புகை கசிந்தது.

எஞ்சின் அறைக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டு முனியம்மாள், “அண்ணா, இன்னாமோ சீறுது. நிறுத்திட்டுப் பாருங்க” என்றாள்.

“புது மிஷின் அப்படித்தாம்மா இருக்கும். நீ தண்ணி புடி” என்றேன்.

சற்றைக்கெல்லாம் கசிவைத் தடுக்க மூடிக்கடியில் வைத்திருந்த பாக்கிங் பிய்ந்து, நெருப்பாய்க் கொதித்த புகை அவள் வலக்கையில் அடித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். வலியில் துடித்தபடியே அவள், “உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று கேட்டாள். குடத்துத் தண்ணீரை அவள் கையில் ஊற்றினேன்.

இப்போது எதிரெதிர் நட்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்குகிறேன். கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி முடுக்குகிறேன். அதுவரை யாரையும் எஞ்சின் அறைக்குள் விடுவதில்லை.

புண் ஆறியும் அந்தக் கையில் பலமில்லை. முனியம்மாள் வேண்டாமென்றாலும், அவள் குடத்தை நானே வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்கிறேன்.