இரண்டு வாளித் தண்ணீர்

என் வீட்டுக் குளியலறையில் இரண்டு இரும்பு வாளிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கைப்பிடி மாற்றியாகிவிட்டது, மற்றதன் அடியில் ஈயப் பற்று. "பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக்கலாம் அத்தை, இதைத் தூக்கினா இடுப்பு போயிடும்" என்று மருமகள் சொல்லாத நாள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நானே கேட்டு வாங்கி வந்தவை. அவற்றின் மேல் எனக்குப் பாசமா, கோபமா என்று இன்றுவரை தெரியவில்லை. அவற்றில் நான் இறைத்து ஊற்றிய தண்ணீருக்கு ஒரு போகம் நெல் விளைந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நான் அதிகம் தொட்டது கிணற்றுக் கயிற்றைத்தான். யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் இல்லத்தை நடத்திய மேட்ரன் அம்மாவுக்குக் கண்ணை உறுத்தும். கண் தெரியாத, காது கேளாத, கால் விளங்காத எங்கள் பிள்ளைகளைத் தத்துக் கேட்டு வருகிறவர்களே அபூர்வம். அப்படி வருகிறவர்களையும் அவர் லேசில் விடமாட்டார். ஞாயிறுதோறும் வந்து பிள்ளையோடு பழக வேண்டும், அவர் வைக்கிற பாடத்தில் தேற வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் காகிதம் கோர்ட்டுக்குப் போகும்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு வலைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. எங்கள் ஐந்து வயதுப் பாப்பாவைப் பார்த்த அன்றே இருவருக்கும் மனசு ஒட்டிக்கொண்டது. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் மாட்டி நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வலைக்காரர் ஆறடி ஆள். அவர் கேட்டுக்குள் நுழைந்ததும் தோளில் ஏறுகிற பாப்பா, சாயங்கால பஸ்ஸுக்கு அவர் கிளம்பும்போதுதான் இறங்குவாள். காரியம் கைகூடினால் வேப்பிலைச் சேலை கட்டி வருவதாகப் பெரியபாளையத்து அம்மனுக்கு மனைவி வேண்டிக்கொண்டிருந்தார். அம்மன் சம்மதித்தாலும் மேட்ரன் அம்மா சம்மதிக்க வேண்டுமே.

"இன்னாப்பா, நீ பொண்ணு கேட்டு வந்தியா, மூட்டை கேட்டு வந்தியா?" என்றார் மேட்ரன் அம்மா.

"வலை இஸ்துக்கினு கெடக்குற கைம்மா இது. ஆயுசுக்கும் தூக்கிக்கினு போவேன்."

"உன் ஆயுசு வரைக்கும் தூக்குவே. அதுக்கப்புறம் யாரு தூக்குறது? அது உன் கண்ணு முன்னால தானா நடக்கணும். அதுவரைக்கும் கையெழுத்து கெடையாது."

அடுத்த ஞாயிறு பாடம் தொடங்கியது. கேட்டிலிருந்து கிணற்றடி வரை பாப்பா தானாக நடக்க வேண்டும். பக்கத்திலேயே வலைக்காரர், இரண்டு கைகளிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர் வாளியோடு வர வேண்டும். வாளியை விட்டால் தேறவில்லை. மனுஷன் முதல் அடியிலேயே விட்டார். பாப்பா தடுமாறினாலே போதும், இரண்டு வாளியும் பறக்கும். ஒருநாள் அவள் எறும்பு பார்க்கக் குனிந்தாள். விழுந்துவிட்டாள் என்று பதறியவர் ஒரு வாளியைச் சமையல்காரம்மாவின் வற்றல் மேலும் இன்னொன்றை என் புதுப் புடவை மேலும் கவிழ்த்தார். அந்தக் கள்ளிக்கோ விஷயம் புரிந்துவிட்டது, தோளில் ஏற வேண்டுமென்றால் வேண்டுமென்றே விழுவாள். கொட்டக் கொட்ட இறைத்தது யார்? டைப்பிஸ்ட்தான். அந்த ஈரத்தில் தானாக முளைத்த பூசணிக்கொடி காய்த்தே விட்டது, இவர் தேறவில்லை.

"வேற யாருக்காச்சும் குட்த்துடுவீங்களாம்மா?" என்று மனைவி ஒருநாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு மேட்ரன் அம்மா மேல் ஆத்திரமாக வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு பாப்பா நிஜமாகவே விழுந்தாள். முழங்காலில் ரத்தம், பெரிய அழுகை. வலைக்காரர் வாளிகளை இறுகப் பிடித்தார், தண்ணீர் சிந்தவில்லை. "எய்ந்துரு கண்ணு, நைனா இங்கதான் கீறேன்" என்றார்.

அப்போது ஒருவர் ஓடினார். மேட்ரன் அம்மாதான். செருப்பு ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். பாப்பாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தத்தைத் தன் புடவையால் துடைத்தார்.

வலைக்காரர் வாளிகளைப் பிடித்தபடியே, "அம்மா, கீழ உடுங்கம்மா. அது எய்ந்து வரும்" என்றார்.

மேட்ரன் அம்மா இறக்கி விட்டார். பாப்பா மூக்கை உறிஞ்சியபடி பூட்ஸை ஊன்றி நடந்து, கிணற்றுச் சுவரைத் தொட்டாள். மேட்ரன் அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், "போய் டைப் அடி" என்றார் என்னிடம். அன்றுதான் என் உத்தியோகம் அவருக்கு ஞாபகம் வந்தது.

கோர்ட் உத்தரவு வந்து அவர்கள் கிளம்பிய காலையில் மேட்ரன் அம்மா என்னிடம், "ரெண்டு பக்கெட்டும் ரொப்பிக் குடு" என்றார். எதற்கென்று கேட்காமல் இறைத்துக் கொடுத்தேன். கேட்டருகே இரண்டு கைகளிலும் வாளியோடு நின்றார். பாப்பா நடந்தே பஸ்ஸுக்குப் போனாள், வழியில் இரண்டு முறை தடுமாறினாள். பஸ் கண்ணிலிருந்து மறைந்தபோது மேட்ரன் அம்மாவின் புடவை முன்புறம் முழுக்க நனைந்திருந்தது.

போன மாதம் என் பேத்தி முதல்முறையாகத் தனியாக வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்பினாள். கூடவே ஏறிப் போய்விடுகிறவள் போல மருமகள் வாசலில் தவித்தாள். நான் இரண்டு வாளிகளையும் குழாயில் நிரப்பச் சொல்லி, அவள் கைகளில் பிடிக்க வைத்தேன்.

"ரொம்ப கனமா இருக்கு அத்தை" என்றாள், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.

"இருக்கட்டும், பிடி" என்றேன்.