கோழிக்கால் பார்க்கும் மாக்ரெட்

மாக்ரெட் என்ற பெயரை நான் முதலில் கேட்டது கிராண்ட்பாஸில், ரபீக்காவின் வீட்டுப் பின்பக்கத்தில். கொட்டாஞ்சேனைக்கு மகளோடு இருக்க வந்த புதிது. ரபீக்கா எங்களுக்குச் சட்டை தைக்கிறவள். அளவு கொடுத்துவிட்டு இருக்கும்போது, கால் பார்க்க மாக்ரெட்டை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். எனக்கும் முழங்கால் நோ. யாரோ பென்ஷன் எடுத்த நேர்ஸ் என்று நினைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தவள் என் காலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கோழிக்கூட்டுக்குப் போனாள்.

அறுபது தாண்டிய ஒடிசல் உடம்பு. பையிலிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து, முன்பக்கம் பின்னாலே வரும்படி போட்டுக்கொண்டாள். துறைமுகத்தில் வேலைக்காரருக்குக் கொடுக்கிற கோட்டு. பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு துண்டுச் சவர்க்காரம். கோழியை மடியில் சாய்த்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். அந்தக் கால்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. செதிலெல்லாம் கிளம்பி, சுண்ணாம்பு அப்பினது போல் வெள்ளையாகத் தடித்திருந்தது. செதிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியிருக்கிறதாம். "கொஞ்சம் பொறு மகள், ஊறட்டும்" என்று கோழிக்குச் சொன்னாள். ஊறின பிறகு பழைய பல் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தடவினாள். துணியால் ஒற்றி, வாஸ்லினைச் செதில் இடுக்கெல்லாம் அடைத்துப் பூசினாள். காற்றுப் போகாவிட்டால் பூச்சி செத்துவிடுமாம்.

தடிப்பை நகத்தால் கிளப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"நான் உரிக்க மாட்டன். உரிச்சா ரத்தம் வரும். தானா விழும், விடுங்கோ."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கலியாணம் கட்டிப் போன புதிதில் மாமியாரின் சேவலுக்கு இதே வருத்தம் வந்திருக்கிறது. மாமியார் வாயால் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று இவள் மண்ணெண்ணெயை ஊற்றி, கத்தியால் சுரண்டி, ஒரே நாளில் காலைப் பளபளப்பாக்கிவிட்டாள். மூன்றாம் நாள் தோல் வெந்து, ஒரு விரல் கழன்று விழுந்ததாம். இப்போது யார் வீட்டுக் கோழியானாலும் மூன்று நாளைக்கு ஒருமுறை போவாள். ஒரு மாதம் போவாள். முட்டை கொடுத்தால் வாங்குவாள், கொடுக்காவிட்டாலும் போவாள்.

கதைத்துக்கொண்டு போனால் சொந்தமாக வந்தது. அவள் புருஷன் றேமண்டின் தாயும் என் பெரியம்மாவின் மருமகளும் கூடப்பிறந்தவர்கள். முகத்துவாரத்தில் றேமண்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பெய்த மழை எனக்கு இன்றும் நினைவு. அவன் கலியாணத்தின்போது நான் மன்னாரில். சண்டையால் பாதை பூட்டின காலம், வர முடியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். மழைக்கோட்டு அவனுடையது. அன்றிலிருந்து நான் அவளுக்கு மாமி.

எங்களுடையது தோட்டம். பேர்தான் தோட்டம், மரம் செடி கிடையாது. ஓர் ஒழுங்கையில் ஒட்டி ஒட்டி இருபத்திரண்டு வீடுகள். மேயிலும் ஒக்டோபரிலும் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் பொழுதுபட, அந்த வீட்டுப் பெண் தன் கையால் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பாள். நாங்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போவோம். மாக்ரெட்டின் வீடும் இங்கேதான், பதினேழாம் இலக்கம். பதினாறு றேணுகாவுடையது. றேணுகாவின் சின்ன மகளுக்கு மாக்ரெட்தான் ஞானத்தாய்.

போன வருஷம் செப்டெம்பரில் அந்தப் பிள்ளைக்கு விரலிடுக்கெல்லாம் சொறி வந்தது. பிள்ளை எந்த நேரமும் மாக்ரெட்டின் கோழிகளோடுதான். அந்த நேரம் பார்த்து அவளுடைய ஐந்து கோழிகளில் இரண்டுக்குக் கால் தடித்திருந்தது. பிள்ளையின் கையும் கோழியின் காலும் பார்வைக்கு ஒரே மாதிரி. றேணுகா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். தோட்டமும் நம்பியது. நானும் நம்பினேன்.

"இது கோழியோட நிக்கிற பூச்சி. மனிசரில குடியிராது. பிள்ளையை டொக்டரிட்டக் காட்டு" என்றாள் மாக்ரெட்.

"ஓ, இப்ப நீங்க டொக்டர்" என்றாள் றேணுகா.

மாக்ரெட் ஒக்டோபர் பிறக்குமுன் ஐந்து கோழிகளையும் கூடையில் வைத்துக்கொண்டு போய் ரபீக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். தன் வாசலுக்கு மாதா வராமல் போய்விடக் கூடாது, அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம்.

பதினேழாம் வீட்டு முறை வந்த அன்று அவள் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, வாசலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். றேணுகா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தக் கையில மாதாவைத் தர எனக்கு மனம் வருதில்லை."

அப்படியே நடந்து பதினெட்டாம் வீட்டுக்குப் போனாள். நாங்கள் இருபது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் றேணுகாவை மறிக்கவில்லை. நான் வயதில் மூத்தவள், முறையில் மாமி. நானும் மணியை உருட்டிக்கொண்டு பின்னாலே போனேன். பதினெட்டில் நாங்கள் அருள்நிறை மரியே சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் குரல் எங்களோடு மறுமொழி சொன்னது. கடைசி மணிவரை சொன்னது.

கோழி இல்லாத தோட்டத்தில் பிள்ளையின் சொறி மட்டும் போகவில்லை. நவம்பரில் றேணுகாவுக்கு வந்தது, பிறகு புருஷனுக்கு. அதற்குப் பிறகுதான் டொக்டரிடம் போனார்கள். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுகிற சொறி, வீட்டிலுள்ள எல்லோரும் கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசவேண்டும், படுக்கை விரிப்பெல்லாம் அவித்துக் காயப்போடுங்கள் என்றாராம் அவர். கோழியைப் பற்றி றேணுகா கேட்டிருக்கிறாள். கோழிக்காலில் இருக்கிற பூச்சி வேறு சாதி, அது கோழியை விட்டு வந்து ஆட்களில் குடியிருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதை றேணுகா என் மகளிடம் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது சொன்னாள். கிழமை முடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். மாக்ரெட்டின் முகத்துக்கு நேரே மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பாலன் பிறப்புத் திருநாள் முடிந்து அவள் கோழிகளைத் திருப்பிக் கொண்டு வந்தாள்.

இது மே மாதம். நேற்று மாதா றேணுகாவின் வீட்டில். இன்று பொழுதுபட நாங்கள் ஒழுங்கையில் இறங்கினோம். பதினேழாம் வீட்டு மேசையில் துணி இல்லை, மெழுகுதிரி இல்லை. இந்த முறையும் தன்னைத் தாண்டித்தான் போவார்கள் என்று மாக்ரெட் நினைத்துவிட்டாள். கோழி அடைகிற நேரத்தில்தான் அடங்கி இருக்கும் என்று, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் பேசினோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழி. கையெல்லாம் வாஸ்லின். எங்களைக் கண்டதும் வழி விடுவதற்காகப் பேசினைச் சுவர்ப்பக்கம் இழுத்தாள்.

றேணுகா அவள் முன்னால் வந்து நின்றாள். நகரவில்லை.

மாக்ரெட் மேலே பார்த்தாள். கோழியைக் கீழே விட்டாள். "பொறு, கையைக் கழுவிட்டு வாறன்."

"வேண்டாம் அக்கா" என்றாள் றேணுகா. "அப்படியே வாங்குங்கோ."

மாக்ரெட் கையைக் கோட்டில் இரண்டு தரம் துடைத்தாள். அது ரப்பர் துணி, ஒன்றும் போகவில்லை. றேணுகா சுரூபத்தை அந்தக் கைகளுக்குள் வைத்து, நழுவாமல் இருக்கத் தன் கையால் அவள் விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். மாதாவின் நீலப் போர்வையில் பெருவிரல் அளவுக்கு ஒரு வாஸ்லின் தடம் விழுந்தது. ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.

மாக்ரெட் இப்போது பதினேழாம் இலக்க வீட்டுக்குள் முழந்தாளில் இருக்கிறாள். மழைக்கோட்டை இன்னும் கழற்றவில்லை.