பங்களாவுக்குத் திருப்பிய தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அரசாங்கம் நடத்திவந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தைத் தனியார் கம்பனிக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு மஸ்கெலியா டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நான் அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஒருவரும் வேலைக்குப் போகாமல், தோட்ட ஆபீஸ் வாசலில் கறுப்புக்கொடியோடு உட்கார்ந்திருந்தோம். அரசாங்கம் எங்களைத் தலையில் வைத்துத் தாங்கவில்லைதான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு காம்பராவின் கூரையும் ஒழுகியது. ஆனாலும் மலை ஊற்றிலிருந்து எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் லயத்துப் பீலிக்கு நல்ல தண்ணீர் வந்தது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கல்மேல் ஏறிக் கத்தினார். "இன்னைக்குத் தோட்டத்தக் குடுத்தா, நாளைக்கு நம்ம குடிக்கிற தண்ணியும் கம்பனிக்காரனுக்குத்தாங்க!"

கை வலிக்கத் தட்டினோம். நான்காம் நாள் அதே கல்மேல் நின்று, "மேல பேசி முடிச்சிட்டாங்க, எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார். என்ன பேசினார்கள் என்று கேட்டோம். காதில் விழாதவர்போல இறங்கிப் போனார்.

தோட்டம் கம்பனி கைக்குப் போனது. சில வருடம் கழித்து அவர்கள், தோட்ட மேனேஜரான துரை முன்பு இருந்த பழைய பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக்கினார்கள். ஊற்றுக் குழாயை அங்கே திருப்பிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஓடைத் தண்ணீர். மேல் லயத்துக் கக்கூஸ்களைத் தாண்டி வரும் ஓடை அது. குடத்தில் நுரை மிதக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். பக்கத்துக் காம்பரா அக்காவின் இரண்டு வயதுப் பெண்ணுக்கு வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள்.

அக்காவும் நானும் தலைவர் வீட்டுக்குப் போனோம். கொல்லையில் புதுக்குழாய். அவர் மனைவி தெளிந்த தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"தலைவரே, ஒங்க வீட்டுக்கு மட்டும் எப்புடிங்க வருது?" என்றாள் அக்கா.

"கம்பனி போட்டுக் குடுத்திச்சு. ஒங்களுக்கும் பேசிக்கிட்டுதான் இருக்கேன். கொதிக்க வச்சுக் குடிங்க."

சொல்லிவிட்டு, அந்தக் குழாயிலேயே வாய் கொப்பளித்துத் துப்பினார்.

ஹோட்டல் திறப்பு நாளில் விருந்தாளிகள் படமெடுப்பதற்காக, எங்களில் இருபது பெண்களைக் கொழுந்துக் கூடையோடு வரிசையாக நிற்க வைத்தார்கள். முன்னால் செயற்கை நீரூற்று, எங்கள் தண்ணீரை வீணாக மேலே பீய்ச்சியது. அக்கா கூடையை இறக்கி வைத்தாள். நேராகப் போய் இரு கையாலும் அள்ளிக் குடித்தாள். தலைவர் ஓடி வந்தார்.

"மானத்த வாங்காத! போய் வரிசையில நில்லு!"

"எம்புள்ள பீத்தண்ணி குடிச்சப்ப ஒங்க மானம் எங்கங்க போச்சு?"

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். விருந்தாளிகள் என்ன என்று விசாரிக்கத் தொடங்கியதும் துரையின் முகம் செத்துப்போனது. ஒரு வாரத்தில் லயத்துக்கு ஒரு குழாய் வந்தது, காலையில் மட்டும் தண்ணீர் வரும்படி.

அதையும் தலைவர் தன் சாதனையாக்கிக் கூட்டம் போட்டார். மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை வேலை அவர் சிபாரிசில் வரவேண்டியிருந்தது. போட்டேன். பவுடர் மணந்த அவர் கழுத்து குனிந்து வந்ததும், எல்லோரும் தட்டியதும் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. அவரைவிட என்மேல்தான் அதிகம். அக்கா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு பேசவும் இல்லை.