ரெட்டை வால் கெண்டை

கடையைத் திறந்ததும் மீன்காரர் வெட்டுக்கட்டையின் ஓரத்தில் சூடம் கொளுத்துகிறார். சூட வாசமும் மீன் கவிச்சியும் ஒரே மூச்சில் ஏற, பையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிடுகிறது. நான் இப்போது கே.கே. நகரில் இல்லை. திருவாதவூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒன்பது வயதில், ஒரு கெண்டை மீனோடு நிற்கிறேன். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா.

சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. தாத்தா செத்தபோது நடுக்கடலில் இருந்தார். சேதி கிடைத்து, கரையேறி, ஊர் வந்து சேர மூன்று மாதம் ஆகிவிட்டது. கொள்ளியும் காரியமும் அப்பா ஒற்றை ஆளாய்ச் செய்து முடித்திருந்தார். அந்தக் கோபம் அப்பாவுக்கு இறங்கவில்லை. சித்தப்பா வந்த பதினைந்து நாளும் ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை; தம்பியிடம் ஒரு சொல் பேசவில்லை. அன்று சாயங்காலம் சித்தப்பா திரும்பிப் போகிறார்.

அன்றைக்குத்தான் கண்மாயில் மீன்பிடி. ஊரே சேற்றில் இறங்கியது. அப்பா கவிழ்த்த கூடைக்குள் என் கை நீளத்துக்கு ஒரு கெண்டை சிக்கியது. அம்மா அதைக் கல்லில் தேய்க்கப் போனபோது சித்தப்பா ஓடி வந்தார்.

"மதினி, செதிலை எடுத்துறாதீக!"

ஜப்பான் துறைமுகத்தில் பார்த்தாராம். பிடித்த மீனின் மேல் மசி பூசி, தாளை ஒற்றி எடுத்துச் சுவரில் மாட்டுவார்களாம். மசிக்கட்டியும் மெல்லிய தாளும் பெட்டியில் வைத்திருந்தார். ஒரே ஒரு தாள். அது எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேறு உலகம் இல்லை.

உப்புப் போட்டு வழுவழுப்புப் போகக் கழுவினார். கட்டியைச் சந்தனம் போல் இழைத்தார். சூடம் மாதிரி வாசம் எழுந்தது. கட்டிலில் இருந்த அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒங்க சித்தப்பன்ட்ட கேளு, மீனுக்குச் சாயம் அடிச்சா கொழம்ப வாய்ல வைக்க முடியுமான்னு."

மூன்றடி தள்ளி இருந்த சித்தப்பாவும் என்னைத்தான் பார்த்தார்.

"ஒங்கப்பாட்ட சொல்லு ஆத்தா, கழுவுனா போயிரும்னு."

கழுத்து வலிக்க வலிக்க இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கெண்டை கறுத்துப் பளபளத்தது. தாளை விரித்து அதன் மேல் போட்ட நேரத்தில் காற்று வந்தது. ஒரு முனை எழும்பியது. அப்பா கட்டிலிலிருந்து பாய்ந்தார்.

"டேய், நகருதுடா! வாலப் புடி!"

"புடிச்சுட்டுத்தான இருக்கேன்! நீ தலைய அமுக்குண்ணே!"

"நான் அமுக்கிட்டேன், நீ ஏன்டா இழுக்குற?"

தூக்கிப் பார்த்தால் ஒரு தலை, இரண்டு வால். செதிலெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாய் ஈஷிக் கிடந்தது. நான் புழுதியில் விழுந்து புரண்டு அழுதேன். அவர்களோ சிரித்தார்கள். அப்பா மசிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் கறுப்பாகி, நிறுத்தாமல் சிரித்தார். என் மீன் நாசமானதற்கு இம்புட்டுச் சிரிப்பா என்று இருவர் மேலும் எனக்கு ஆத்திரம்.

அம்மா மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிக் குழம்பு வைத்தாள். பாதியை வறுத்தாள்.

பஸ்ஸுக்கு அப்பாவும் வந்தார். வறுத்த துண்டுகளை டிபன் பாக்ஸில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார். நான் உம்மென்று நின்றேன். டாட்டா கூடக் காட்டவில்லை. பஸ் நகர்ந்ததும் அப்பா கூடவே நாலெட்டு ஓடினார். எத்தனையோ நாட்டுத் துறைமுகங்களில் மீன் தின்ற மனுஷரிடம், பால்குடி மாறாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒன்று சொன்னார். அதற்குப் போய் சித்தப்பா ஏன் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.

"முள்ளு கெடக்கும்டா. பாத்துத் தின்னு."