மண் அறைக்கு ஒரு 'ம்'

ஒரு ஊரிலே ஒரு கதை இருந்ததாம். அதைச் சொல்ல ஒரு வாய் இருந்ததாம். கேட்க வந்தவர்களோ தேத்தண்ணி குடிக்கக் கன்ரீனுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்களாம். மியூசியத்தில் விளக்கம் சொல்லும் தொழில் இவ்வளவுதான். வாய்ப்பேச்சால் பிழைக்கும் சகபாவிகளே, வாத்தியார்மாரே, இன்சூரன்ஸ் விற்பவர்களே, அன்னதானத்துக்கு மணி அடித்த பிறகு பிரசங்கம் செய்ய ஏறுபவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். ரொறன்ரோவில், ஸ்பாடினா வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் மியூசியத்தில் எனக்கு வார இறுதி வேலை. பழைய மணிக்கூடுகள் இருக்கும் மண்டபத்துக்கும் கன்ரீனுக்கும் நடுவே ஒரு அறை. மண் அறை என்று அதற்குப் பெயர். ஸ்பானியர் கலிபோர்னியாவை ஆண்ட காலத்தில் பாதிரிமார் அங்கே கட்டிய மிஷன்களைப் பற்றியது அது. மிஷன் என்றால் ஒரு தேவாலயம். அதைச் சுற்றி வயல், பட்டறை, தானிய அறை. உள்ளூர்ச் சனத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், பிறகு அவர்களைக் கொண்டே சுடாத மண்கல் அறுப்பித்தார்கள், ஓடு சுடுவித்தார்கள். விட்டுப் போனவர்களைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். எங்கள் பொறுப்பாளர் ஹெலன், இடிந்த மிஷன்களைத் திருத்துவதில் பல வருடம் கழித்த பெண். அங்கே படித்த முறைப்படி வெயிலுக்குப் பதில் விளக்குச் சூட்டில் மண்கல் காயவைத்து, ஒரு மிஷனின் மூலைச் சுவரை இங்கே எழுப்பியிருந்தார்.

நிர்வாகிக்கு அந்தச் சுவர் பிடிக்கவில்லை. சனம் அந்த அறையில் நிற்பதில்லை, கடந்து போகிறது என்பது அவர் கட்சி. பங்குனியில் நிர்வாக சபை பார்க்க வரும். அப்போதும் இப்படியே என்றால் சுவரை இடித்துக் கன்ரீனை நீட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டார். சனத்தை நிறுத்திவைக்கத்தான் என்னை எடுத்தார்கள். என் குரலோ பக்கத்தில் நிற்பவருக்கே அரைவாசிதான் போகும். மண் சுவருக்கு அதிர்ச்சி கூடாது, உன் குரல்தான் தோது என்று ஹெலன் பகிடி விட்டார். (ஆங்கிலத்தில் சொன்னவர்களும் என் நினைவில் எங்கள் தமிழில்தான் பேசுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கப்பலை விட்டு இறங்காத பாதிரியார்

எங்கள் அம்மப்பா கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள் என்று நினைத்து அவர் எழும்பிப் போய்விடுவார். அம்மம்மாவும் அப்படித்தான். ஆகவே இது உலகம் முழுவதற்கும் பொதுச் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடலையும் பாதிரியார் வந்த கப்பலையும் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. கரை தெரிந்ததைச் சொன்னேன். அதற்கும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்ளும் சனம் போலும் என்று முடிவுகட்டி, நன்றி சொல்லி நிறுத்திவிட்டேன். அவர்கள் மரியாதைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பச்சைச் சால்வை போட்ட ஒரு மனிதர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வாசலில் நின்ற காவலாளியிடம் போய்க் கவலையோடு கேட்டார்: "அந்தப் பாதிரியார் கரைக்கு வந்தாரோ, இல்லாட்டி அப்பிடியே திரும்பிப் போட்டாரோ?"

சுவருக்குக் காய்ச்சல்

அந்தக் காவலாளி தேவன் அண்ணை. மட்டக்களப்பார்; மகனே என்பது அவர் வாயில் மனே ஆகிவிடும். மிஷன் என்றால் என்ன என்று நான் விளக்கியபோது, போர்த்துக்கீசர் கோயில் கட்டினதைப் பார்த்த ஊர்க்காரருக்கு உது பெரிய புதினமில்லை என்று கொட்டாவி விட்டவர்.

மண் சுவரின் எதிரி தண்ணீர் என்று ஹெலன் சொல்லித் தந்திருந்தார். கூரை போனால் மழை சுவரைக் கரைத்துத் திரும்பவும் மண்ணாக்கிவிடும்; ஆகவே ஒரு மிஷனைக் காப்பாற்றுவதென்றால் முதலில் கூரையைக் காப்பாற்ற வேண்டும். ரொறன்ரோவில் எங்களுக்கு வாய்த்த எதிரி ஹீற்றர். வறண்ட சூட்டில் சுவர் வெடித்தது. ஹெலன் வாளியில் மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து வெடிப்புகளை அடைத்தார். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடித்தது. கடைசியில் அந்த அறையின் ஹீற்றரைக் குறைத்தோம். சுவர் தேறிவிட்டது. ஆனால் உள்ளே வந்த சனம் கோட்டுப் பொத்தான்களை இழுத்துப் பூட்டிக்கொண்டு முன்னையிலும் வேகமாகக் கன்ரீனுக்கு ஓடியது. தேவன் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுவருக்குச் சூடு ஆகா, சனத்துக்குக் குளிர் ஆகா, உனக்குச் சத்தம் ஆகா. நல்ல அறைதான் மனே."

மீற்றர் காசு

அறையில் சனம் கொஞ்சமாவது குனிந்து பார்த்தது ஒரே ஒரு பொருளைத்தான். இடிந்த மிஷன் ஒன்றிலிருந்து இரவலாக வந்த தரை ஓடு. மண் ஈரமாகக் காயப்போட்டிருந்தபோது ஒரு நாய் அதில் நடந்திருக்கிறது. பாதத்தின் அச்சு, நகத்தோடு, அப்படியே சுடப்பட்டுவிட்டது. பாதிரிமாரின் பெயர்களைப் புத்தகத்தில் பார்க்கலாம். நாயையும் ஓட்டில் பார்க்கலாம். ஓட்டைச் செய்தவர்களைத்தான் எங்கும் பார்க்க முடியாது. ஓட்டின் கீழே யாரோ முன்பு எழுதிவைத்த ஒரு விளக்க மட்டை இருந்தது. நோயிலும் வேலையிலும் தேய்ந்து அந்தச் சனம் இப்போது இல்லை என்று அதில் இருந்ததை நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி வந்தேன்.

ஒரு சனிக்கிழமை, பின்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு உயரமான மனிதர் நின்றார். பெயர் ரேமண்ட். மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை. தாய்வழியில், அந்த ஓடு வந்த மிஷனின் சுற்றுவட்டாரத்துப் பழங்குடிச் சனமே அவருடைய ஆட்கள். அதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஹெலன் அந்த மட்டையை அன்றைக்கே கழற்றிவிட்டார்; அதற்கு வேண்டியிருந்தது ரேமண்ட் கோபமே இல்லாமல் கேட்ட ஒரு கேள்விதான்: "நாங்கள் இல்லையெண்டால், வெளியிலை நிக்கிற என்ரை காருக்கு ஆர் தம்பி பார்க்கிங் மீற்றரிலை காசு போட்டது?"

அன்ரியின் உத்தரவு

மாசியில் நிர்வாகி கன்ரீன் மேசைகளுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார். தேவன் அண்ணைக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பும் மூன்று குடும்பங்களை, ஒரு ஞாயிறு நேரே எங்களிடம் திருப்பிவிட்டார். முன்னுக்கு வந்தவர் பரிமளம் அன்ரி. மார்க்கம் நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்பவர். எந்த இடத்துக்குப் போனாலும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்பவர். மண் சுவர், நடுவில் மாடம், மேலே மணி. அவர் கோயில் என்றே எடுத்துக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். மற்றவர்களும் வைத்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இதுதான் இங்கத்தைய விதி என்று நினைத்துத் தங்களுடையதையும் கழற்றினார்கள்.

குளிர்காலத்துச் சப்பாத்தைக் கழற்றிய மனிதன் இலேசில் ஓட மாட்டான். அதைக் காட்டிலும் பெரிய விஷயம், நான் கப்பலைச் சொன்னவுடன் எங்கள் ஆட்களிடமிருந்து 'ம்' வந்தது. கரையைச் சொன்னேன், 'ம்.' பாதிரியார் ஒருவழியாக இறங்கிவிட்டார். மணி அடித்து எழுப்பியதும், மண் மிதித்ததும், ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்ததும் தன்பாட்டில் வந்தன. என் குரல் எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். அன்ரி பயந்துபோய், பக்கத்தில் நின்ற தாடிக்காரக் கனேடியரின் முழங்கையில் தட்டி, தமிழிலேயே உத்தரவு போட்டார்: "தம்பி, சும்மா நிக்கக் கூடாது. ம் சொல்லும். இல்லாட்டி உவன் நிப்பாட்டிப் போடுவான்."

கடைசி ஆள்

அதன் பிறகு அந்த அறைக்கு இரண்டு விதிகள்: சப்பாத்தைக் கழற்ற வேண்டும், 'ம்' கொட்ட வேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ரேமண்டும் சில சனிக்கிழமைகளில் வந்து நிற்பார்.

பங்குனியில் சபையார் மூன்று பேர் வந்தார்கள். வெளியே பனி கொட்டியதால் வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஹெலனும், நிர்வாகியும், வாசலில் தேவன் அண்ணையும், பின்னால் ரேமண்டும்தான். சபைத் தலைவி வயதான அம்மா. ஒரு காலுறையின் ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தொடங்கினேன். மூன்று மெலிந்த 'ம்'கள் வந்தன. கொஞ்ச நேரத்தில் ஒருவர், ஒரு தொலைபேசி எடுக்க வேண்டும் என்று போனார். மற்றவர் கன்ரீன் பக்கம் இடத்தை அளக்கப் போனார். தலைவி மட்டும் நின்றார். தரை ஓட்டுக்கு வந்தேன். முன்பு மட்டை இருந்த இடம் அது; அதைக் கழற்றிய பிறகு அந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஒரு வசனம் வாய்க்கவே இல்லை. நின்றுவிட்டேன். நிர்வாகி மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ரேமண்டைப் பார்த்து, நான் 'ம்' என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு முன்னுக்கு வந்து ஓட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். "எங்கடை ஆக்களின்ரை பேர் எனக்கும் தெரியாது," என்றார். நான் 'ம்' என்றேன். "ஆனால் ஈர மண்ணிலை நாய் நடந்தால், தடவி அழிக்க ஒரு கை போதும். நல்லாத் தேய், ஒப்பமா இருக்கோணும் எண்டுதான் வேலைகாரருக்குச் சொல்லியிருப்பினம்." இந்த முறை 'ம்' தலைவியிடமிருந்து வந்தது. "ஆரோ ஒராள் அழிக்காமல் விட்டிருக்கிறார். அந்த ஆரோதான் எங்கடை ஆள்."

ரேமண்டுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். தலைவி ஓட்டுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு வாசலுக்கு வந்து, தேவன் அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சப்பாத்தாகப் போட்டார். போகிற போக்கில், திரும்பிப் பார்க்காமலே நிர்வாகியிடம் சொன்னார்: "கன்ரீனைக் கீழ்மாடிக்குக் கொண்டுபோங்கோ. அந்த ஆரோ ஆரெண்டு இந்த ஆக்கள் இன்னும் தேடி முடிக்கேல்லை."

ஒருவரும் சத்தம் போடாமல் ஒரு சுவர் தப்பிப் பிழைத்தது என்றால், அதில் சரித்திரத்தின் பங்கு பாதி, சப்பாத்தைத் திரும்பப் போட எடுக்கும் நேரத்தின் பங்கு மீதி.